ஓட்டுநர் தேர்வும் வழக்கமான தவறுகளும்: சேலத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் எங்கள் தெருவிலும் உறவிலும் பலருக்குப் பல ஆண்டுகளாக ஸ்கூட்டரும் காரும் பழக்கிவிட்டு வருகிறேன். தேர்வுக்கு முந்தைய இரவில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்கும் பயன்படட்டும் என்று அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் பார்த்தவரையில் தேர்வில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை கண்ணிலிருந்து தொடங்குகின்றன. கையும் காலும் அதற்குப் பிறகுதான் தடுமாறுகின்றன. ஆகவே கீழே உள்ள பதில்களில் பார்வையைப் பற்றிய பேச்சு திரும்பத் திரும்ப வரும்.

எல்.எல்.ஆர். வாங்கி எத்தனை நாள் கழித்துத் தேர்வுக்குப் போகலாம்?

பழகுநர் உரிமம் கிடைத்து 30 நாட்கள் ஆன பிறகுதான் போக முடியும். அந்த உரிமம் 6 மாதங்கள் செல்லும். இதில் நடக்கும் பெரிய தவறு, முதல் நான்கு மாதங்களைச் சும்மா விட்டுவிட்டு ஐந்தாம் மாதக் கடைசியில் இணையத்தில் தேதி தேடுவதுதான். அப்போது ஒரு முறை தேர்ச்சி பெறாமல் போனாலும் அடுத்த முயற்சிக்கு நாள் இருக்காது, மறுபடி எல்.எல்.ஆரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இரண்டாம் மாதத்திலேயே தேதி வாங்கிவிடுங்கள்.

பழகும் நாட்களில் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும் என்பதையும், உரிமம் உள்ள ஒருவர் காரில் பக்கத்தில் அமர்ந்திருக்க வேண்டும் என்பதையும் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. "விடியற்காலையில் ரோட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. பால்காரரும் நடைப்பயிற்சிக்குப் போகும் முதியவர்களும் அந்த நேரத்தில்தான் ரோட்டில் இருக்கிறார்கள்.

தேர்வு நாளில் என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

எல்.எல்.ஆர்., தேர்வுக்குத் தேதி வாங்கிய தாள், முகவரிக்கும் வயதுக்குமான சான்றுகளின் அசல், கொண்டுபோகும் வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவை வேண்டும். இரு சக்கர வண்டிக்கு ஹெல்மெட்டும் வேண்டும். பெட்ரோல் டேங்கின் மேல் வைத்திருந்தால் போதாது, தலையில் வார் மாட்டியிருக்க வேண்டும். கண்ணாடி அணிபவர்கள் அதை மறக்கக் கூடாது. விண்ணப்பத்தோடு தரும் படிவம் 1-இல், பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலிருந்து ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியும் என்று நீங்களே உறுதி கூறியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு வாசலில் முப்பது தப்படி நடந்து போய் நின்று, எதிரே நிற்கும் வண்டியின் எண்ணைப் படித்துப் பாருங்கள். 40 வயதைக் கடந்தவர்களுக்கு மருத்துவச் சான்றும் தேவைப்படும்.

கொண்டுபோகும் வண்டி, நீங்கள் விண்ணப்பித்த வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு விண்ணப்பித்துவிட்டு அக்காவின் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போனால் அன்றைய நாள் வீணாகும். முதல் நாளே ஹார்ன், பிரேக் லைட், இண்டிகேட்டர் ஆகியவற்றை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

தேர்வில் உண்மையில் எதைத்தான் பார்க்கிறார்கள்?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 15-ஆம் விதி இதை வரிசையாகச் சொல்கிறது. எட்டு போடுவதும் ரிவர்ஸ் எடுப்பதும் மட்டுமே தேர்வு என்று நினைப்பவர்கள் அந்தப் பட்டியலை ஒரு முறை படித்தால் திகைத்துப் போவார்கள். பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொள்வதில் தொடங்கி, சிக்னல் கொடுப்பதற்கு முன்பும், கிளம்புவதற்கு முன்பும், திசை மாறுவதற்கு முன்பும், முந்துவதற்கு முன்பும், கதவைத் திறப்பதற்கு முன்பும் அந்தக் கண்ணாடியைப் பார்த்தீர்களா என்பது அதில் இருக்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளம்புவதும், இறக்கத்தில் விரைவாகக் கீழ் கியருக்கு வருவதும் இருக்கின்றன. சிக்னல் இல்லாத இடத்தில் சாலையைக் கடப்பவருக்கு வழிவிடுவதும், மற்றவர்களிடம் பண்போடு நடந்துகொள்வதும்கூட அதில் இருக்கின்றன. மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது நாம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று அழைப்பவர், சில நிமிடங்களில் எல்லாவற்றையும் சோதித்துவிட முடியாது. ஆனால் இவற்றில் எது உங்களுக்குப் பழக்கமாகியிருக்கிறது, எதை நீங்கள் அன்று காலையில்தான் மனப்பாடம் செய்தீர்கள் என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

எட்டு போடும்போது காலை ஊன்றிவிடுகிறேன். எப்படித் தவிர்ப்பது?

இந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக வருகிறது. போன வருடம் என் அக்கா மகள் காலி மனையில் நான்கு செங்கற்களை வைத்து, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு ஒரு வாரம் பழகினாள். ஒவ்வொரு முறையும் இரண்டாவது வளையத்துக்குத் திரும்பும் இடத்தில் அவளுடைய இடது கால் தரையைத் தேடியது. "மாமா, கீழ பாக்காம எப்படி மாமா கோட்டுக்குள்ள போறது?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே தவறு இருந்தது. அவள் முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். பார்வை சக்கரத்தில் இருக்கும்போது தலை குனிகிறது. தலை குனிந்தால் தோள் இறுகுகிறது. தோள் இறுகினால் ஹேண்டில்பார் வெட்டி வெட்டித் திரும்புகிறது. பிறகு கால் தானாகவே கீழே வருகிறது.

நான் வளையத்தின் அந்தப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, திரும்பத் தொடங்குவதற்கு முன்பே என் முகத்தைப் பார்க்கச் சொன்னேன். அவள் தலை திரும்பியது. வண்டியும் பின்னாலேயே திரும்பியது. இப்போது இருக்கும் இடத்தைப் பார்க்காமல், அடுத்துப் போக வேண்டிய இடத்தைப் பார்ப்பதுதான் எட்டின் சூட்சுமம். பாதி வளையம் முடியும்போதே கண் நடுவில் உள்ள குறுக்குப் புள்ளிக்குப் போயிருக்க வேண்டும்; குறுக்குப் புள்ளிக்கு வந்து சேரும்போது கண் அடுத்த வளையத்தின் கடைசிக்குப் போயிருக்க வேண்டும்.

கியர் வண்டியில் முதல் கியரில், கிளட்சைப் பாதி பிடித்தபடி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் ஒரே சீராகக் கொடுத்துக்கொண்டு, வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் கட்டுப்படுத்துங்கள். ஸ்கூட்டரில் கிளட்ச் இல்லாததால் இடது கைப் பிரேக்கை லேசாகத் தொட்டபடி ஆக்சிலேட்டரைச் சீராக வைத்திருந்தால் அதே நிதானம் கிடைக்கும். திரும்பிக்கொண்டிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். மெதுவாகத் திரும்பும்போது வண்டி சாயலாம். நீங்கள் அதோடு சேர்ந்து சாய வேண்டியதில்லை, உடலை நிமிர்த்தியே வையுங்கள். பயத்தில் மிக மெதுவாகப் போவதும் ஒரு தவறு. நடை வேகத்தைவிடச் சற்று அதிகமாக இருந்தால்தான் வண்டி நிலையாக நிற்கும்.

பழகும்போது கோட்டைத் தேர்வு இடத்தில் உள்ளதைவிடச் சிறியதாகப் போட்டுப் பழகுங்கள். அங்கே போனதும் இடம் தாராளமாக இருப்பதுபோல் தோன்றும்.

இண்டிகேட்டர் இருக்கும்போது கை சிக்னல் எதற்கு?

பல்ப் எரியாமல் போகலாம், பட்டப்பகல் வெயிலில் விளக்கு தெரியாமலும் போகலாம் என்பதால் கை சிக்னல் இன்னும் விதியில் இருக்கிறது. வலப்பக்கம் திரும்ப, வலக்கையை உள்ளங்கை முன்னோக்கி இருக்கும்படி நேராக நீட்ட வேண்டும். இடப்பக்கம் திரும்ப, வலக்கையை நீட்டிக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும். வேகம் குறைக்க, உள்ளங்கையைக் கீழே பார்த்து வைத்து மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். நிற்க, முன்கையைச் செங்குத்தாக உயர்த்த வேண்டும். திரும்பத் தொடங்கிய பிறகு கை காட்டுவது பயனற்றது; பின்னால் வருபவர் அதைப் புரிந்துகொண்டு வேகம் குறைக்க நேரம் வேண்டும். திரும்பி முடித்த பிறகும் இண்டிகேட்டரை அணைக்காமல் போவது நம் ஊரில் தினமும் காணும் காட்சி. தேர்வில் அதுவும் கணக்கில் வரும்.

"கண்ணாடியைப் பார்த்தேன், ஆனாலும் பார்க்கவில்லை என்றார்கள்." ஏன்?

கருவிழி மட்டும் அசைந்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. தலை சற்றுத் திரும்ப வேண்டும். நடிக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; தலை திரும்பினால்தான் கண்ணாடியில் தெரியாத ஓரங்களும் பார்வைக்குள் வருகின்றன.

நானே முதல் தேர்வில் தோற்றது இதில்தான். ஓட்டியதில் எந்தக் குறையும் இல்லை. ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள். இண்டிகேட்டர் போட்டு, அழகாக ஓரம் கட்டி, நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியைத் திருப்பினேன். முடிந்தது என்ற மகிழ்ச்சியில் வலக்கையால் கதவைத் தள்ளினேன். கேரியரில் தறிப் பாவு மூட்டை கட்டிய சைக்கிள் ஒன்று கதவுக்கு ஒரு சாண் தள்ளி வளைந்து போனது. அவர் திட்டிக்கொண்டே போனார். ஆய்வாளர் எதுவும் பேசாமல் தாளில் எழுதினார். எழுதியது நியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அன்றிலிருந்து காரின் கதவை இடக்கையால் திறக்கிறேன். ஓட்டுநர் இருக்கையிலிருந்து இடக்கையை வலப்பக்கக் கதவுக்குக் கொண்டுபோனால் உடல் தானாகத் திரும்பும். கண் தானாகப் பின்னால் போகும். என்னிடம் பழகும் எல்லோரையும் முதல் நாளிலிருந்து இப்படித்தான் இறங்க வைக்கிறேன்.

நடுவில் கார் ஆஃப் ஆகிவிட்டால் தோல்வியா?

அப்படி ஒரு வரி விதியில் இல்லை. ஆஃப் ஆன பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். பதறி, கியரிலேயே சாவியைத் திருப்பி, வண்டியைக் குதிக்க விடுவதுதான் தவறு. பிரேக்கை மிதியுங்கள், கிளட்சை மிதியுங்கள், நியூட்ரலுக்கு வாருங்கள், ஸ்டார்ட் செய்யுங்கள், கண்ணாடியைப் பாருங்கள், கிளம்புங்கள். பின்னால் ஹார்ன் அடிப்பவருக்காக இந்த வரிசையில் எதையும் விட வேண்டாம்.

ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருள்கிறது. என்ன செய்வது?

சமவெளியில் இருப்பவருக்கு இது தேர்வின் ஒரு பகுதி. சேர்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் நமக்கு அன்றாடத் தேவை. ஐந்து ரோடு மேம்பாலத்தில் ஏறும்போது நெரிசலில் நிற்க நேர்ந்தாலும் இது வேண்டும்.

ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இழுத்து வையுங்கள். முதல் கியர் போடுங்கள். ஆக்சிலேட்டரைச் சற்று மிதித்து, எஞ்சின் ஒலி ஒரே சீராக இருக்கும்படி பிடியுங்கள். இப்போது கிளட்சை மிக மெதுவாக விட்டுக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் எஞ்சின் ஒலி தாழ்ந்து கனக்கும். பானட்டின் முன்பகுதி கொஞ்சம் எழும். இருக்கைக்கு அடியில் ஒரு சிறு நடுக்கம் தெரியும். கிளட்ச் பிடித்துக்கொண்டது என்பதற்கு அதுவே அடையாளம். அங்கே இடது காலை அப்படியே நிறுத்தி, கண்ணாடியைப் பார்த்து, ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். வண்டி நிற்கும் அல்லது முன்னால் நகரும்; பின்னால் போகாது. அதன் பிறகே கிளட்சை முழுவதும் விட வேண்டும்.

பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, வண்டி உருளத் தொடங்கிய பிறகு கிளட்சைத் தேடுகிறார்கள். இன்னும் சிலர் ஏற்றத்தில் நிற்கும்போதெல்லாம் ஹாஃப் கிளட்சிலேயே பிடித்து நிறுத்துகிறார்கள். கிளட்ச் தட்டு தேய்ந்து கருகிய வாடை வருவதோடு, கால் சோர்ந்து தேர்வின்போது நடுங்கவும் தொடங்கும்.

கோரிமேட்டைத் தாண்டி அடிவாரம் போகும் வழியில் மென்மையான சரிவு உள்ள கிளைத்தெரு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காலையில் இருபது முறை செய்து பாருங்கள். பின்னால் ஒருவரை நிற்க வைத்துப் பழகாதீர்கள். பின் சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால் தேங்காய் மட்டை ஒன்றைப் போட்டு வைத்தால் போதும்; உருண்டதா என்பதை அது சொல்லிவிடும்.

ரிவர்ஸ் எடுக்கும்போது கோணிக்கொண்டு போகிறதே?

வேகமும் கண்ணாடியை மட்டும் நம்புவதும்தான் காரணம். கிளட்சைப் பாதியில் பிடித்து, ஆமை வேகத்தில், பின் கண்ணாடி வழியே கழுத்தைத் திருப்பிப் பார்த்து எடுங்கள். வண்டியின் பின்பகுதி எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் தீரும். சந்தேகம் வந்தால் நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியதற்காக யாரும் குறை சொல்வதில்லை. ரிவர்ஸ் கேமரா உள்ள காரிலேயே பழகியவர்கள், தேர்வுக்கு முன் சில நாட்கள் அந்தத் திரையை ஒரு துணியால் மூடிவிட்டுப் பழகுவது நல்லது.

ரவுண்டானாவிலும் சந்திப்பிலும் எப்படி நடந்துகொள்வது?

ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழிவிட்ட பிறகே உள்ளே நுழைய வேண்டும். ஏவிஆர் ரவுண்டானாவில் மாலை நேரத்தில் இந்த விதி நடைமுறையில் இல்லையே என்று கேட்பீர்கள். மற்றவர்கள் செய்வதைப் பார்த்துத் தேர்வில் ஓட்டினால் மதிப்பெண் அவர்களுக்குக் குறையாது, உங்களுக்குத்தான் குறையும். சந்திப்பில் நுழைவதற்கு முன் வலம், இடம், மறுபடி வலம் என்று பார்க்க வேண்டும். இரண்டாவது முறை வலப்பக்கம் பார்ப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நமக்கு முதலில் வந்து மோதக்கூடிய வண்டி அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது.

தேர்வு என்றாலே கை நடுங்குகிறது. என்ன வழி?

பழகிய வண்டியிலேயே தேர்வுக்குப் போங்கள். இரவல் வாங்கிய வண்டியில் கிளட்ச் எங்கே பிடிக்கும் என்பது தெரியாது. அந்தத் தெரியாமைதான் நடுக்கமாக வெளிவருகிறது. அரை மணி நேரம் முன்னதாகப் போய் அந்தச் சாலையை நடந்து பாருங்கள். ஏறி அமர்ந்ததும் இருக்கை, கண்ணாடி, சீட் பெல்ட் ஆகிய மூன்றையும் அவசரமின்றிச் சரிசெய்யுங்கள். அந்த அரை நிமிடத்தில் மூச்சு சீராகிவிடும். சொன்னது காதில் விழாவிட்டால், "சார், இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்பதில் தவறில்லை. ஊகித்துக்கொண்டு திரும்புவதுதான் தவறு.

புரோக்கர் மூலம் போனால் எளிது என்கிறார்களே?

விண்ணப்பத்தை நிரப்ப உதவி தேவைப்பட்டால் கணினி மையத்தில் கேட்டுக்கொள்ளலாம். ஓட்டத் தெரியாதவர் கையில் உரிமத்தைக் கொடுக்கச் செய்பவர் உங்களுக்கு நன்மை செய்யவில்லை. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

தேர்ச்சி பெறவில்லை என்றால்?

7 நாட்கள் கழித்து மறுபடி வரலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 9-ஆம் பிரிவு சொல்கிறது. மூன்று முறையும் தேர்ச்சி பெறாவிட்டால் கடைசித் தேர்விலிருந்து 60 நாட்கள் காத்திருக்க வேண்டும். தோற்ற அன்றே, வீட்டுக்குப் போவதற்கு முன், எந்த இடத்தில் தவறியது என்று ஆய்வாளரிடம் பணிவாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றை மட்டும் ஏழு நாளும் பழகுங்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து பழகத் தொடங்கினால், தவறிய இடத்துக்குப் போதிய நேரம் கிடைக்காமல் போகும்.

உரிமம் வந்த கையோடு ஏற்காடு போகலாமா?

சேலத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் இருக்கும் ஆசை இது. போகக் கூடாது என்று சொல்ல மாட்டேன். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. தேர்வில் படித்த ஏற்றமும் இறக்கமும் அங்கே மெய்யாகவே வேலைக்கு வருகின்றன. முதல் முறை, அந்தப் பாதையில் பழகிய ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, வார நாளில் போங்கள். கோடை விழாக் காலத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் போக வேண்டாம்.

ஏறும்போது, வளைவுக்குள் போன பிறகு கியரைக் குறைப்பது பொதுவான தவறு. பாதி வளைவில் எஞ்சின் இழுக்க முடியாமல் ஆஃப் ஆகி, பின்னால் பஸ் நிற்க, ஹேண்ட் பிரேக்கைத் தேடும் நிலை அப்படித்தான் வருகிறது. வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கோ முதல் கியருக்கோ வந்துவிடுங்கள். மரங்களுக்கு இடையே மேல் சாலை தெரியும் இடங்களில், வளைவைத் தொடுவதற்கு முன்பே கண்ணை மேலே அனுப்பி, எதிரே என்ன வருகிறது என்று பாருங்கள். அகலம் போதாத மலைப்பாதையில் இறங்கும் வண்டிதான் நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. ஆயினும், ஒரு பஸ் வளைவை ஏற்கெனவே பாதி சுற்றிவிட்டது என்றால் உரிமை பேசாமல் கீழேயே நின்றுவிடுங்கள்; அது முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும்.

இறங்குவதுதான் கடினம். 'எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு' என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. கீழ் கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. மேல் கியரிலோ நியூட்ரலிலோ இறங்கினால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது. தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலை வந்துவிடும். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது அதைவிடக் கொடியது: பிரேக்குக்குக் கிடைக்கும் துணை விசை இரண்டு மூன்று மிதிப்புகளில் தீர்ந்துவிடும், பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். கருகிய வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, பிரேக் ஆறும்வரை காத்திருங்கள். சூடான பிரேக்கின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வளைவுகளில் குரங்குகள் கூட்டமாக அமர்ந்திருக்கும். அவற்றுக்குத் தின்பண்டம் கொடுக்க வண்டியை வளைவிலேயே நிறுத்துபவர்கள் இருப்பார்கள் என்று எதிர்பார்த்தே ஓட்டுங்கள். மழை மாதங்களில் மாலையில் மூடுபனி இறங்கினால் ஹை பீம் போட வேண்டாம். வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். லோ பீமில், இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். முதல் முறை போகிறவர்கள் மாலை நான்கு மணிக்கெல்லாம் ஏரிக்கரையிலிருந்து கிளம்பிவிட்டால், கடைசி வளைவையும் வெளிச்சம் இருக்கும்போதே தாண்டி அடிவாரம் வந்து சேரலாம்.